முள்ளைப் பார்க்கச் சொன்னவர்

தாராவியில் அந்த ஏசி மெக்கானிக்கிடம் ஒருமுறைதான் போனேன். நெட்டையான மனிதர், நரைத்த புருவம். எந்த நட்டை முடுக்கினாலும் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்.

கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓடுகிற என் பழைய காரில் ஏசி குளிராமல் போயிருந்தது; அதில் இருந்தது இப்போது கிடைக்காத பழைய கேஸ். மறுநாள் காலை செம்பூரிலிருந்து மாதுங்காவுக்கு ஒரு மணப்பெண்ணை ஏற்றிப்போக வேண்டும். மே மாத வெயில்.

"புது கேஸை மட்டும் அடைச்சு விடுங்க அண்ணாச்சி."

"பழைய எண்ணெயோட புது கேஸ் சேராது வே. கம்ப்ரஸர் போயிரும். சல்தா ஹே, ஓடுனா போதும்னு விடுத ஆளு நான் இல்ல."

பழைய எண்ணெயை வடித்து, குழாய்களைக் கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றி, புது எண்ணெய் ஊற்றினார். மோட்டார் வைத்து உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, மீட்டரைக் காட்டினார்.

"அரை மணி நேரம் இந்த முள்ளு அசையக் கூடாது. அசைஞ்சா எங்கியோ கசியுதுன்னு அர்த்தம். நீரு பாரும்."

"நான் ஏழாங்கிளாஸோட நின்னவன் அண்ணாச்சி. எனக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சவன் போனைப் பாப்பான். பயப்படுதவன்தான் முள்ளைப் பாப்பான்."

இருபது நிமிஷத்தில் முள் மயிரிழை நகர்ந்தது. சொன்னால் மறுபடி கழற்றுவார். வண்டி இன்று கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"அசைஞ்சிட்டு அண்ணாச்சி."

ஸ்பேனரை எடுத்தார். கசிந்த இணைப்பைக் கண்டுபிடித்து மாற்றினார். அடுத்த அரை மணி நேரமும் என்னையே உட்கார வைத்தார். இந்தத் தடவை முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் புது கேஸை அடைத்தார்.

மறுநாள் மணப்பெண் குளிருகிறது என்று ஏசியைக் குறைக்கச் சொன்னாள்.

என் பயத்தை வீட்டில் எல்லோரும் கேலிதான் செய்வார்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறதென்று அந்த மனிதருக்கு மட்டும் எப்படித் தோன்றியதோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை.