டீச்சரம்மா காரின் சத்தம்

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. வாரம் முழுக்கப் பாடாய்ப் படுத்திய சத்தம், ஒர்க்‌ஷாப் வாசலுக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். வீட்டில் அனத்திக்கொண்டிருந்த குழந்தை டாக்டரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு உட்காருமே, அந்தக் கதைதான். "இப்பதாங்க வந்துச்சு, வாசல் வரைக்கும் வந்துச்சு" என்று கார்க்காரர் பரிதாபமாகச் சொல்வார். கவுண்டரில் நிற்கும் சர்வீஸ் அட்வைசர் மரியாதையாகத் தலையை ஆட்டுவார், ஆனால் ஒரு வார்த்தையைக்கூட நம்ப மாட்டார்.

அப்படிப்பட்ட நேரங்களில் கூப்பிடுவதற்கென்றே அந்த டீலரிடம் ஓர் ஆள் இருந்தார். முப்பது வருஷ சர்வீஸ். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பதவி, வேறு பெயர். ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். பேரிங் தேய்ந்த முனகல், ரப்பர் புஷ் காய்ந்த கிரீச், டேஷ்போர்டுக்குப் பின்னால் கழன்று கிடக்கும் ஒற்றை ஸ்குரூ, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கவுண்டரில் நின்றுகொண்டு பெரிய பெரிய மனிதர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு தங்கள் காரின் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுவார்கள். ஒரு வக்கீல் தவளை மாதிரிக் கத்தியே காட்டினார். காதுக்காரர் ஒருநாளும் சிரித்ததில்லை. வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாமா?

அவருடைய மனைவிக்கு மட்டும் இந்தப் புகழில் நம்பிக்கை கிடையாது. ஊர்க் காருக்கெல்லாம் திறந்து வைக்கிற காது, தான் கூப்பிட்டால் மட்டும் எப்படி அடைத்துக்கொள்கிறது என்று கேட்பாள். அவர் அதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

காதுக்காரருக்கு ஒரு விதி இருந்தது. சத்தம் கேட்கப் போகும்போது அவர் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. ஓட்டுகிறவனுக்குக் கண், கை, கால் எல்லாவற்றுக்கும் வேலை இருக்கும், காது மிச்சம்தான் என்பார். கார்க்காரரை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மூன்று கிலோமீட்டருக்குள் கண் திறந்து, "பின்னாடி இடது சக்கரம்" என்பார். சொன்னால் சொன்னதுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்த விதியைத்தான் முதலில் சொல்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூர ஒரு கர்வம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

அந்த அம்மா வந்தபோது வாயால் சத்தம் போட்டுக் காட்டவில்லை. ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். ஒரு நோட்டை எடுத்து வைத்தார். வேகம் முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குக் கீழே. மேடு பள்ளமான ரோட்டில். முதலில் ஒரு தட்டு, சின்ன இடைவெளி, அப்புறம் சேர்ந்தாற்போல் இரண்டு தட்டு. பதினொரு நாளில் பதினொரு தடவை. தேதி, நேரம், ரோடு எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. இப்படி ஒரு கஸ்டமரைக் காதுக்காரர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. மனசுக்குள் கும்பிட்டார்.

"அஞ்சு வருஷமா ஒரு சத்தமும் கிடையாது தம்பி" என்றார் டீச்சரம்மா. "எங்க வீட்டுக்காரர் தவறிப் போனப்புறம் ஒரு மாசம் காரைத் தொடவே இல்ல. அப்புறம் எடுத்தேன். எடுத்த அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு."

வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய அந்தக் கார் அவரில்லாமல் தெருமுனை வரைக்கும்கூடப் போனதில்லை. காய்கறி வாங்கப் போனாலும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, டீச்சரம்மாவுக்குத் தெரிந்த வழியையே அவருக்குச் சொல்லிக்கொண்டு வருவாராம். டீச்சரம்மா இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.

இருவரும் கிளம்பினார்கள். காதுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினார். டீச்சரம்மா சொன்ன அதே ரோடு, அதே வேகம். சத்தம் வரவில்லை. திரும்பி வந்து அதே ரோட்டில் இன்னொரு தடவை போனார்கள். காரில் ஊசி விழுந்தால் கேட்கும். டீச்சரம்மாவின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. பரீட்சையில் தெரிந்த கணக்கு வராமல் போன பிள்ளைகளை அவர் ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார். தானே அப்படி உட்கார நேர்ந்தது அன்றுதான்.

ஜாப் கார்டில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் காதுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் டீச்சரம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை காதுக்காரர் காரிலிருந்த சாமான்களையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார். தண்ணீர் பாட்டில், குடை, டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. அதைக் கையில் எடுத்தபோது, "அவரோடது. துணி சுத்தித்தான் வச்சிருக்கேன், ஆடாது" என்றார் டீச்சரம்மா. அன்றைக்குக் காதுக்காரர் தன் விதியையே மீறினார். தானே ஓட்டினார், டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதும் சத்தம் இல்லை. மூன்றாம் தடவை காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மெக்கானிக் ஓட்ட, காதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அரை நாள் ஊரைச் சுற்றினார். சஸ்பென்ஷனைக் கழற்றிப் பார்த்து மாட்டினார்கள். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. மூன்று ஜாப் கார்டிலும் அதே வரி, அதே கையெழுத்து.

கவுண்டரில் பேச்சு மாறிவிட்டது. பாவம், வீட்டுக்காரர் போன துக்கம், தனியாக இருக்கிறார், காதில் என்னென்னவோ கேட்கிறது என்றார் அட்வைசர். புருஷன் இருந்தவரை வராத சத்தம் அவர் செத்த பிறகு வருகிறது என்று அந்த அம்மாவே சொல்கிறாரே, இதைவிட என்ன வேண்டும் என்று மெக்கானிக்கும் ஒத்து ஊதினார். காதுக்காரர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த நோட்டின் கட்டங்கள் புத்தி தடுமாறியவர் போட்டவை மாதிரி இல்லை.

அந்த வாரம் டீச்சரம்மாவின் மகன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தார். நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் வேறு ஊரில் வேலை. அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி இரண்டு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அம்மா தனக்குக் கார் இருக்கிறது, கை கால் இருக்கிறது என்று பிடிவாதம் பிடிக்கிறார். கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை.

"எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க சார்" என்றார். "கார்ல சத்தம் இருக்கா, இல்லையா?"

காதுக்காரர் ஒரு கணம் தயங்கினார். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷமாக அந்தக் காதுக்குக் கேட்காத சத்தம் என்று ஒன்று இருந்ததில்லையே.

"இல்லைங்க" என்றார்.

மகன் மூன்று ஜாப் கார்டுக்கும் நகல் கேட்டார். அனுப்பி வைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்து மகனே காரை ஓட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் தன் மனைவியோடு. அம்மா தங்களோடு வந்துவிட்டார், வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, காரையும் இங்கேயே விற்றுவிடலாம் என்று வந்தோம் என்றார். காதுக்காரரைத் தேடி வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டருக்கு உங்க பேப்பரைக் காட்டினப்புறம்தான் சார் விஷயமே தெளிவாச்சு. மாத்திரை குடுத்திருக்கார். இப்ப சத்தத்தைப் பத்திப் பேசறதே இல்ல. பெரிய உதவி செஞ்சீங்க."

காதுக்காரர் சிரித்து வைத்தார்.

அந்த டீலர் பழைய கார் விற்கிற இடம் ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது. மறுநாள் காலை டிரைவர் லீவு. சும்மாதானே இருக்கிறீர்கள், கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்று மேனேஜர் சாவியை நீட்டினார். காதுக்காரர் தனியாகக் காரை எடுத்தார். பாலம் தாண்டியதும் ரோடு கொத்திப் போட்டிருந்தது. வேகம் நாற்பது.

டிக். டிக்-டிக்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கிச் சுற்றிவந்து, பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, படியில் காலை வைத்துக் காரை அழுத்தி ஆட்டினார். கண் முன்னாலேயே நடந்தது. ஆளில்லாத சீட்டின் பெல்ட் முழுசாகச் சுருண்டுகொள்ளாமல் ஒரு சாண் தொய்ந்து கிடந்தது. அதன் நுனியில், பூட்டில் செருகுகிற இரும்பு நாக்கு, ஆடி ஆடிப் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தட்டியது. முதலில் ஒன்று. அப்புறம் சேர்ந்தாற்போல் இரண்டு.

காலி சீட்டுக்குப் பெல்ட்டைப் போட்டுவிட்டு அதே ரோட்டில் ஒரு தடவை போனார். சத்தம் இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போனார். இருந்தது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால், உட்கார்ந்து பெல்ட் போட்டால், அது வராது. மூன்று தடவையும் அதை வரவிடாமல் செய்ததே இவர்களுடைய சோதனைதான். இந்த உலகத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கக் கூடியவர் ஒரே ஒருவர், தனியாக ஓட்டிய டீச்சரம்மா. காதுக்காரர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுத் திட்டிக்கொண்டு போனான். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

பெல்ட்டை மாற்றிவிட்டு விஷயத்தை அத்தோடு விடச் சொன்னார் மேனேஜர். புது பெல்ட்டை மாட்டினார்கள். அந்த வாரமே கார் விற்றுப்போனது. பழைய பெல்ட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை காதுக்காரர் பஸ் ஏறினார்.

மகன் வீடு அடுக்குமாடியில் நாலாவது மாடி. கதவைத் திறந்த மகன், பணம் ஏதாவது பாக்கியா என்று கேட்டார். டீச்சரம்மா கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். காதுக்காரரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"உங்க கார்ல சத்தம் இருந்துச்சும்மா" என்றார் காதுக்காரர். வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

டீச்சரம்மா மகனைப் பார்த்தார். பிறகு, சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற குரலில், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. அப்ப எனக்கு மனசு சரியில்ல. இப்ப மாத்திரை சாப்பிடறேன், சரியாயிடுச்சு" என்றார்.

காதுக்காரர் பெல்ட்டை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார். இரும்பு நாக்கைத் தூக்கி மரத்தில் தட்டவிட்டார். டிக். டிக்-டிக்.

டீச்சரம்மாவின் கை மடியிலிருந்து எழும்பி அப்படியே நின்றது. கணக்கு டீச்சர் அல்லவா, மிச்சத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பக்கத்துல ஆள் இருந்தா வராது."

"வராதும்மா."

அவர் பெல்ட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஓரத்தில் நைந்திருந்த நாடாவை விரலால் நீவினார். "அவரு தாட்டியான ஆளு. முழுசா இழுத்தாத்தான் எட்டும். தினம் தினம் இழுத்து இழுத்துத்தான் இது தளர்ந்து போயிருக்கு" என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. மகன்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சரம்மா காதுக்காரர் பக்கம் திரும்பி, "எழுதிக் குடு தம்பி" என்றார். "இல்லன்னு எழுதித்தானே குடுத்தே. இருந்துச்சுன்னும் எழுதிக் குடு."

மருமகள் ஒரு தாள் கொண்டு வந்தாள். காதுக்காரர் எழுதினார். எந்தத் தேதி போடுவது என்று கேட்டார். டீச்சரம்மா தான் முதன்முதலில் சத்தம் கேட்ட தேதியைச் சொன்னார். நோட்டு இல்லை, அதை எப்போதோ கிழித்துப் போட்டாயிற்றாம். தேதி, நேரம், ரோட்டின் பெயர், வேகம் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னார். கையெழுத்தானதும் வாங்கி ஒரு தடவை வாசித்து, விடைத்தாளில் போடுவதுபோல் ஓரத்தில் ஒரு சரி போட்டார்.

வாசல் வரை வந்த மகன் தாழ்ந்த குரலில், "வீட்டுல வேற ஆள் குடி வந்தாச்சு. காரும் போயாச்சு. இப்ப வந்து சொல்றீங்களே சார்" என்றார். அதில் கோபம்கூட இல்லை. காதுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, விடைபெறத் திரும்பிப் பார்த்தார்.

மதிய மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. மருமகள் டம்ளரில் தண்ணீரும் உள்ளங்கையில் மாத்திரையுமாக மாமியார் பக்கத்தில் நின்றிருந்தாள். டீச்சரம்மா மடியிலிருந்த தாளைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார், வாசலில் நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரைக் கேக்காம நிறுத்தக் கூடாதும்மா" என்றார் மகன்.

டீச்சரம்மா மாத்திரையை வாங்கி வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.