துரு இல்லாத ஆணி

இரும்பே இல்லாமல் ஒரு குடில் கட்ட வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வந்த உத்தரவு.

அது ஐம்பத்தாறாம் வருஷம். அடுத்த வருஷத்து நடுவிலிருந்து பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து சூரியனையும் பூமியையும் ஒரே காலத்தில் அளக்கப் போகிறார்கள் என்று கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. துருவப் பனியில் ஒருவர், பாலைவனத்தில் ஒருவர், நடுக்கடலில் கப்பலில் ஒருவர், எல்லாரும் ஒரே கடிகாரப்படி குறிப்பெடுக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கும் அதில் ஓர் இடம் கிடைக்கும் போலிருந்தது. காந்த ஊசி தலை தூக்காமலும் சாயாமலும் ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கிற கோடு இந்த ஊருக்குப் பக்கத்தில் போகிறது. நண்பகலில் சூரியன் மேல்வானத்தைச் சுடும்போது அங்கே ஒரு மின்னோட்டம் உண்டாகி, கீழே இருக்கும் ஊசியை அசைக்கிறது. மற்ற ஊர்களைவிட இங்கே அந்த அசைவு அதிகம். இதை ஒழுங்காக அளந்து காட்டினால் எங்கள் நிலையத்தின் பெயர் பட்டியலில் ஏறும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும்.

பௌதிகம் படித்த நான் அங்கே தற்காலிகக் கண்காணிப்பாளனாக இருந்தேன். எனக்கு மேலே பேராசிரியர் ஒருவர். நல்ல மனிதர், ஆனால் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. நுண்ணிய அளவுக்கோட்டை அவரால் படிக்க முடியாது. "எடோ, என் கண்ணு நீயாக்கும்" என்பார். கருவியைப் பார்க்கத் தெரிந்தவன் அந்த வளாகத்தில் நான் ஒருவன்தான்.

கடலைப் பார்த்த மேட்டில், முந்திரி காய்க்கும் கொல்லாமரங்களுக்கு நடுவே இடம் பார்த்தோம். பங்குனியில் பம்பாயிலிருந்து ஓர் அதிகாரி வந்து, வெட்டவெளியில் துணிக்கூடாரம் அடித்து, நான்கு நாள் அளவெடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அதே இடத்தில் குடில் எழுந்தது. அந்த ஊரில் வீடு கட்டும் செந்நிற வெட்டுகல்லில் இரும்புச்சத்து உண்டு என்பதால் சுவர் முழுவதும் பலகை. கீல்கள் பித்தளை, ஆணிகள் செம்பு, கூரை தென்னோலையும் கயிறும். ஒவ்வொரு ஆணியையும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் பிடித்துச் சோதித்துக் கொடுத்தது நான்தான்.

குடிலைக் கட்டியவர் பாறசாலைப் பக்கத்து ஆசாரி. ஐம்பது வயதிருக்கும். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றாகவே இருக்கும்.

"சாரே, செம்பாணி வாழைத்தண்டு மாதிரியாக்கும். ஒரு அடிக்கு வளையுது" என்பார். பிறகு ஒரு நாள் கேட்டார்: "இரும்பு இல்லாத்த வீட்டுல பேயும் பிசாசும் கூசாம வந்து கேறுமே. அதுக்கு சயன்சுல எந்தாக்கும் வழி?"

"பேய் வந்தா அதையும் அளந்து பம்பாய்க்கு எழுதிடுவோம்" என்றேன்.

"அப்போ சாருக்குப் பயம் ஒண்ணும் இல்லே."

"எனக்கென்ன பயம்?"

அதைச் சொன்ன வாரத்திலேயே என் இடுப்பில் ஓர் இரும்பு வளையம் ஏறியது.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன்பு இரண்டு முறை ஆறாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை நான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கனம் என் கைக்குத் தெரியும். நாஞ்சில் நாட்டிலிருந்து மாமியார் வந்து சாலைக் கடைத்தெருவை ஒட்டிய எங்கள் வீட்டில் தங்கினார். வரும்போது ஊர் மாடன் கோயிலில் பூசை வைத்த இரண்டு வளையங்களைக் கொண்டுவந்தார். மகளுக்கு ஒன்றை விரலில் மாட்டிவிட்டு, மற்றதை என் அரைஞாணில் கோத்து ஏழு முடிச்சுப் போட்டார்.

"மாப்பிளே, பிள்ளை பொறக்கது வரைக்கும் இதை அவுக்கப்பிடாது. குளிக்கும்போதும் அவுக்கப்பிடாது. போன ரெண்டு தடவை ஒங்களுக்குக் கட்டாம விட்டதுதான் பெசகு, கேட்டேளா?"

நான் மனைவியைப் பார்த்தேன். "படிச்சவங்கன்னு பாக்காதீங்க. கெட்டிக்கிடுங்க. எனக்காக" என்றாள்.

பணியிடத்தின் நுழைவாயிலில் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே வருபவர்கள் சாவி, கத்தி, கடிகாரம், குடை எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அந்தப் பலகையை எழுதி மாட்டியவன் நான். பேராசிரியரின் இரும்புச் சட்டக் கண்ணாடியையே மாற்ற வைத்திருந்தேன். மறுநாள் காலை என் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். விரல் மோதிரமளவு இரும்பு என்ன செய்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு ஊசியளவு இரும்பே போதும் என்பதும் எனக்குத் தெரியும்.

கருவி ஒரு வெள்ளைக்கல் தூணின் மேல் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. குனிந்துதான் பார்க்க வேண்டும். குனியும்போது வளையம் தூணுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிடும். மூன்று வாரம் நண்பகல் அளவுகளை எடுத்துப் பம்பாய்க்கு அனுப்பினோம். அந்த அதிகாரியின் பதில் தந்தியாக வந்தது. கூடாரத்தில் எடுத்த அளவும் குடிலில் எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை, குடிலில் இரும்பு இருக்கிறது, கண்டுபிடித்து நீக்குங்கள், அடுத்த வாரம் நேரில் வருகிறேன், அன்றைக்கும் சரியாக இல்லையென்றால் இந்த இடத்தைக் கைவிடுவோம்.

பேராசிரியர் தந்தியை என்னிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எடோ, உன் மேலே ஒண்ணும் இல்லைல்லோ?"

"இல்லை சார்."

அன்று நண்பகல் தனியாக உள்ளே போனேன். கருவியைப் பார்த்தபடி ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஊசி நகர்ந்து நின்றது. முன்னால் வந்தேன். ஊசி என்னைத் தேடி வருவதுபோல் திரும்பியது. நாலைந்து தடவை அப்படிச் செய்தேன். அரைஞாணில் கை வைத்தேன். முடிச்சைத் தொட்டதும், வீட்டில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது போலத் தோன்றியது. கையை எடுத்துவிட்டேன்.

அப்போதே பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார், திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வேறு பயமும் இருந்தது. நவம்பரில் நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேரப் போகிறது என்று முடிவாகியிருந்தது. தற்காலிக வேலையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களை வைத்துக்கொள்வார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸ் கிளார்க் தினமும் கேட்பார்: "அண்ணாச்சி, ஊரு அங்கோட்டு போகுதல்லோ. பெட்டி கெட்டியாச்சா?" உலகத் திட்டத்துக்கு அளவெடுக்கிறவன் மாடன் கோயில் வளையத்தோடு நின்று அளவைக் கெடுத்தான் என்று தெரிந்தால், பெட்டி கட்ட நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பேராசிரியர் குடிலைப் பலகை பலகையாகக் கழற்றிப் பார்க்க உத்தரவிட்டார். ஆசாரிக்கு ஆள் போயிற்று. மறுநாள் காலை வருவதாகச் சொன்னார்.

அன்று மாலை நான்கு மணிக்கு மழை சற்று விட்டது. கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குடிலில் இரும்பு இல்லை. கழற்றினால் இல்லை என்று தெரிந்துவிடும். பிறகு மிஞ்சுவது அளவெடுத்தவன் மட்டுமே. ஆபீஸ் தாழ்வாரத்தில் கருவி வந்த மரப்பெட்டியின் மூடி கிடந்தது. அதிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கினேன். தூணுக்குப் பின்பக்கத்துப் பலகையில், வளைந்த செம்பாணி ஒன்றை ஆசாரி எடுத்துவிட்டு மரச்சக்கை வைத்து அடைத்த ஓட்டை இருந்தது. சக்கையை நோண்டி எடுத்து, ஆணியை வைத்து, ஒரு கல்லால் அழுத்தினேன். சத்தம் வரக்கூடாது என்று அடிக்கவில்லை. மழை ஈரத்தில் கல் இரண்டு முறை வழுக்கிக் கீழே விழுந்தது.

காலையில் ஆசாரி சிரித்துக்கொண்டே வந்தார். உளியையும் சுத்தியலையும் எல்லாருக்கும் காட்டிவிட்டு வேலை தொடங்கினார். "கல்யாணம் கழிஞ்சு மாசம் ரெண்டுதான் ஆச்சு. அதுக்குள்ள பெண்ணைப் பிரிச்சுக் காட்டணும்னா எப்படி சாரே?" என்று குடிலைத் தட்டினார். திசைகாட்டியைத் தரையில் வைத்துவிட்டு நான் எட்டி நின்றேன். நான் ஜாக்கிரதையாக இருப்பதாக எல்லாரும் நினைத்தார்கள். ஒவ்வொரு பலகையையும் அவர் அதன் பக்கத்தில் கொண்டுவருவார், ஊசி அசையாது, "இது பத்தினி" என்று சொல்லி அடுக்குவார். பதினோராவது பலகைக்கு ஊசி சுற்றியது.

அவர் சிரிப்பு உடனே நிற்கவில்லை. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணியைக் கண்டுபிடித்து, விரலாலேயே இழுத்தார். அது வந்துவிட்டது.

"இது நான் அடிச்சதில்லை" என்றார்.

"பிறகு தானா முளைச்சதா?" என்று கேட்டார் பேராசிரியர். "செம்பாணி வளையுது, இன்னும் வேணும்னு நீர் கேட்டது எனக்கு ஓர்மையிருக்கு. தீர்ந்துபோன இடத்துல இதை வச்சீரோ?"

"சாரே, இதைப் பாருங்கோ. குடில் கட்டி மாசம் ரெண்டாச்சு. இடவப்பாதி மழை முழுசும் இந்தப் பலகை நனைஞ்சுது, கடல்காத்து வேறே. இரும்பாணின்னா இதுக்குள்ள செவந்து போயிருக்கணும். இதுல ஒரு பொட்டு துரு உண்டா? புது ஆணி சாரே. நேத்து வச்சதாக்கும்."

அதை அவர் பேராசிரியரின் கையில் வைத்தார். பேராசிரியர் கண்ணருகே கொண்டுபோனார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு. துரு உண்டா?"

ஆணி எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. ஆசாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை ஒரு கணம் என் இடுப்புக்கு இறங்கி மறுபடி முகத்துக்கு வந்தது. நான் அதை அப்போது கவனித்தேனா, பிறகு நினைத்துச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

"இருக்கு சார்" என்றேன். "தலைக்குக் கீழே துரு இருக்கு."

ஆணியை என் பையில் போட்டுக்கொண்டேன். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. ஆசாரி உளிகளைத் துணியில் சுற்றினார். இன்னும் இரண்டு குடில்கள் கட்டவேண்டியிருந்தது. அவருக்கே தருவதாக வாக்கு இருந்தது. பேராசிரியர் அங்கேயே நின்று, அந்த வேலை இனி அவருக்கு இல்லை என்றார். கழற்றிய பலகைகளை வேறொரு ஆசாரி வந்து திரும்பப் பூட்டினார்.

பம்பாய் அதிகாரி வரும்வரை அந்த வாரம் முழுக்க நான் அளவெடுக்க வேண்டியிருந்தது. அளவு சரியாக வர வேண்டும். அதனால் வளையத்தைக் கழற்றினேன். உண்மைக்காகக் கழற்றாததை வேலைக்காகக் கழற்றினேன். கொல்லாமரத்தின் பின்னால் நின்று ஏழு முடிச்சையும் அவிழ்த்து, வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றி வாசல் மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவேன். அரைமணி நேரம். ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது, சைக்கிளில் ஆள் வந்து வாசலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறான் என்று காது அங்கேயே இருக்கும். வெளியே வந்து மறுபடி ஏழு முடிச்சுப் போடுவேன். மூன்றாம் நாள் என் மனைவி, "முடிச்சு வேற மாதிரி இருக்கே" என்றாள். மழையில் நனைந்து இறுகிவிட்டது என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பிரசவம் வரை வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.

அதிகாரி வந்தார், தானே அளந்து பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் நிலையம் பட்டியலில் ஏறியது. அறிக்கையில் முதல் மூன்று வார அளவுகளை நீக்கியதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருந்தது. கட்டுமானத்தில் தச்சரின் கவனக்குறைவால் இரும்பாணி ஒன்று சேர்ந்துவிட்டது என்று எழுதினேன். அந்த அறிக்கை வெளிதேசங்களுக்கெல்லாம் போனது.

பெண் குழந்தை, பத்து மாதமும் நிறைந்து பிறந்தது. நவம்பரில் என் வேலையும் போகவில்லை.

அடுத்த வருஷம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையின் பின்கட்டில் ஆசாரியைப் பார்த்தேன். சரக்குப் பெட்டிகளுக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தார். சர்க்கார் வேலை எதற்கும் அவரைக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பேசாமல் நழுவியிருப்பேன், அவர் பார்த்துவிட்டார். வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டார்.

"சாரே, கொச்சு சுகமா?"

"சுகம். பெண் குழந்தை."

"நல்லது." ஓர் ஆணியைப் பலகையில் நிறுத்தி ஒரே அடியில் இறக்கினார். "கிணத்தடியில அன்னைக்கு சார் கால் கழுவும்போ வேட்டி ஒதுங்கிச்சு. நான் கண்டேன். எனக்கும் அஞ்சு பிள்ளைங்களாக்கும். இரும்பு நல்லதுதான் சாரே. நல்லதில்லேன்னு யாரு பறஞ்சா?"

பின்னாலிருந்து கடைக்காரர் அவரை ஏதோ கேட்டார். அவர் திரும்பிப் பதில் சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆள்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பேராசிரியரின் வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

மழை வரும்போல இருக்கிறது, போகிறேன் என்றேன். வானம் வெளுத்துக் கிடந்தது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.