ஹாரன் இல்லாமல் மைசூர் வரை

பிலோமினா அக்கா போய்விட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே. நான் வார்டில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது... இன்னும் நம்ப முடியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி வேனின் டிரைவர். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே பானெட்டைத் திறந்துவிடுவார். ரேடியேட்டர் மூடியைத் திருகி, கூலன்ட் நிறம் பார்த்து, ரப்பர் ஹோஸை அமுக்கி அமுக்கிப் பார்த்து... அப்புறம்தான் காபி.

"பல்ஸ் எப்படிக்கா இருக்கு?" என்று நர்ஸுகள் நாங்கள் கிண்டல் செய்வோம். "உன் பேஷன்ட்டுக்கு இவன் தேவல. சொன்ன பேச்சு கேக்கறான்" என்பார்.

ஒரு தடவை வாட்ச்மேன் ரேடியேட்டரில் ஊற்ற ஆசையாக ஒரு குடம் போர் தண்ணீர் கொண்டுவந்தார். "உப்புத் தண்ணி உள்ள போனா அடைச்சுக்கும். நீயே குடி" என்றார் அக்கா. வாட்ச்மேன் பயந்துபோய் ஒரு டம்ளர் குடித்தேவிட்டார்.

ஆனால் எனக்கு அக்கா என்றாலே கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்தில் நடந்த அந்த மெடிக்கல் கேம்ப்தான்.

கேம்ப் முடிகிற நேரத்தில் செல்வி என்ற பெண்ணைக் கூட்டி வந்தார்கள். நிறைமாதம். பிபி எகிறியிருந்தது, குழந்தையின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. உடனே மைசூர் போயாக வேண்டும். பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருந்தது. எங்கள் வேன்தான் கதி.

கொள்ளேகால் தாண்டியதும் எஞ்சினின் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. சித்திரை வெயில். அக்கா ஏசியை அணைத்தார். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். பிறகு ஹீட்டரை ஃபுல்லாகப் போட்டார்.

"ஏங்கண்ணு, மாசமா இருக்கறவள வேக வெக்கறயே" என்று செல்வியின் மாமியார் கத்தினார்.

"எஞ்சின் சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கறோம்மா. வாங்கலன்னா அது நடுரோட்டுல படுத்துக்கும்."

செல்விக்கு ஈரத்துணி போட்டபடியே பார்த்தேன். முள் மெல்ல இறங்கியது. சத்தியமாக.

ஒரு புளியமர நிழலில் நிறுத்தினார். தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன செல்வியின் கணவனைக் கையைப் பிடித்து இழுத்தார். "மூஞ்சி வெந்துடும், தள்ளு."

ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. அதுதான் கோளாறு. அதற்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே போய்விட்டதாம். தீப்பெட்டியைவிடச் சின்ன கறுப்பு டப்பி. அக்கா அதைக் கழற்றிவிட்டு, ஹாரனுடைய ரிலேயைப் பிடுங்கி அங்கே செருகினார். ரெண்டும் ஒரே சைஸ்.

ஃபேன் உர்ரென்று சுற்றியது. நான் வாயைப் பிளந்து நின்றேன்... இப்போது நினைத்தாலும் அப்படித்தான்.

"இனிமே வண்டிக்கு ஹாரன் இல்ல. நீதான் ஹாரன்" என்றார் என்னிடம்.

அங்கிருந்து மைசூர் வரை ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி கதவைத் தட்டிக்கொண்டே வந்தேன். கரும்பு டிராக்டர், ஆட்டு மந்தை, பஸ்... கன்னடமோ தமிழோ, வாயில் வந்ததில் வழி விடச் சொல்லிக் கத்தினேன். உள்ளங்கை வீங்கிப்போனது. அக்காவின் கண் ரோட்டுக்கும் முள்ளுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது.

பெண் குழந்தை. லேபர் ரூமிலிருந்து ஓடிவந்து சொன்னேன். அக்கா பானெட்டுக்குள் குனிந்திருந்தார்.

"அழுதுச்சா?"

"ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்துதுக்கா."

"அப்ப அதுக்கு ஹாரன் நல்லா இருக்கு" என்றார். அதற்கப்புறம் வேன் படியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாளை மாலை சர்ச்சிலிருந்து கல்லறைக்கு அதே வேன்தான். ஹாரன் அடிக்க வேண்டாம் என்று புது டிரைவரிடம் சொல்லிவிட்டேன்.

கதவோரம் நான் உட்காருகிறேன் அக்கா. போய் வாங்க...