பெயர் வெட்டிய செம்பு

எங்கள் குசினியில், அடுப்புக்கு மேலுள்ள தட்டில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. அதன் கழுத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாகக் குத்தி, "க. பொன்னம்மா" என்று பெயர் வெட்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பொன்னம்மா என்று எவரும் இல்லை. அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பெயர் சுவர்ப் பக்கம் திரும்பியே இருந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் ரீச்சர். கண்டாவளைப் பக்கத்தில் நீண்ட காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் வாசிகசாலையில் சும்மா கிடந்த பின்னறையை, ஊரின் பழைய சாமான்களை வைக்கவென்று கேட்டு வாங்கினார். நான் அங்கே கூட்டித் துடைத்து, பேப்பர் அடுக்குகிற வேலையில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குக் கதை வராது. என் பங்குக்கும் சேர்த்து ரீச்சர் கதைப்பார்.

சனங்கள் முதலில் கொண்டுவந்தவை எல்லாம் மினுங்கின. பொது இடத்துக்கு அழுக்குச் சாமானோடு போகலாமா என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஒருவர், குடியேறிய காலத்தில் தகப்பன் காடு வெட்டிய கத்திக்குப் புதுப்பிடி போட்டு, வார்னிஷும் பூசிக் கொண்டுவந்தார்.

ரீச்சர் தலையில் கைவைத்தார். "அண்ணை, இது நேற்றுக் கடையிலை வாங்கினது மாதிரியெல்லோ கிடக்கு. உங்கட அப்பர் பிடிச்ச பிடி எங்கை?"

"அதை அடுப்புக்கை வைச்சிட்டன் ரீச்சர். உங்களுக்கு வெட்கமாய் இருக்குமெண்டு."

"அப்ப போய் அடுப்பைக் கிண்டி அந்தச் சாம்பலையாவது கொண்டாங்கோ!"

அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு கரியோடும் நெளிவோடும் சாமான்கள் வரத் தொடங்கின.

அடுத்ததாக ரீச்சர் இன்னொன்று கேட்டார். வேறு ஆட்களின் பெயர் வெட்டிய பாத்திரங்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குக் கொடுக்கும் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது வழக்கம். சண்டையில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அவை வீடு மாறிப்போயின. எழுத்தில் இருந்தவை எரிந்துபோன ஊரில், யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை இந்தப் பெயர்கள்தான் சொல்லும் என்பது ரீச்சரின் கணக்கு.

எங்கள் வீட்டுச் செம்பைக் கொண்டுபோவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தச் செம்பின் கதை எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்த நாட்களில், கூடாரமாகக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே சின்னப்பிள்ளையாய் நான் காய்ச்சலில் கிடந்தபோது, பக்கத்துத் தறப்பாளில் இருந்த ஒரு அம்மா அதில் கஞ்சி கொண்டுவந்து தந்தார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு பிடி சீனியாவது, இரண்டு கத்தரிக்காயாவது போட்டுத்தான் கொடுப்போம். போடுவதற்கு அம்மாவிடம் எதுவும் இருக்கவில்லை. பிறகு கொஞ்சம் சீனி கிடைத்து, அதைச் செம்பில் போட்டு எடுத்துக்கொண்டு போனபோது, தறப்பாள் இருந்த இடத்தில் கம்பு நட்ட குழிகள் மட்டும் இருந்தன. வெறுஞ்செம்பாகவே அன்றைக்கே கொடுத்திருக்கலாம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் செம்பைக் கொண்டுபோய் நீட்டி, "ரீச்சர், அம்மாவைக் கள்ளியெண்டு சொல்லிப்போடுவினமோ?" என்று கேட்டேன்.

ரீச்சர் செம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "களவெடுத்தவை முதலிலை பேரைத்தான் சுரண்டுவினம், பிள்ளை. இஞ்சை ஒரு புள்ளிகூடத் தேயேல்லை."

செம்பு பின்னறைக்குப் போனது. சில மாதங்களின் பின், ஓமந்தையிலிருந்து ஒரு கலியாண வீட்டுக்கு வந்த பெண் ஒருவர் அறையைப் பார்க்க வந்தார். செம்பின் முன்னால் நின்று புள்ளிகளை விரலால் தடவினார்.

"இது எங்கட அம்மான்ர பேர்," என்றார்.

நான் ரீச்சரைப் பார்த்தேன். எதற்கும் முந்திக்கொண்டு கதைக்கிற அந்த மனிசி அன்றைக்குக் கதையை எனக்கு விட்டுவிட்டு, யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, காய்ச்சல், கஞ்சி, குழிகள் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு வாசிகசாலைத் தேநீர்ச் சீனியைச் செம்பு நிறையக் கொட்டி அவரிடம் நீட்டினேன். அம்மாவின் கை பட்டதென்று என்னிடம் இருந்தது அந்தச் செம்பு ஒன்றுதான்.

"அம்மா தர இருந்தது," என்றேன்.

அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சீனிக்கோ அவா இவ்வளவு காலம் யோசிச்சவா? எங்கட அம்மா செம்பைத் தேடவேயில்லை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதோ தெரியேல்லை எண்டுதான் கடைசிவரைக்கும் கேட்டவா."

"அந்தப் பிள்ளை நான்தான்," என்றேன்.

அவர் செம்பைக் கொண்டுபோனார். அது இருந்த இடத்தில் வேறெதையும் வைக்க ரீச்சர் விடவில்லை; இரண்டு அம்மாக்களின் கதையைத் தன் கையால் ஒரு காட்போட் மட்டையில் எழுதி வைத்தார். தாயின் திவசம் முடிந்த கையோடு, ஓமந்தையிலிருந்து பஸ்ஸில் செம்பு திரும்பி வந்தது, நிறையப் பயறோடு. அடுத்த திவசத்துக்கு முன் நான் புது நெல்லரிசி போட்டு அனுப்பினேன். அப்படியே அது போய் வருகிறது.

ரீச்சர் இப்போது இல்லை. அவர் எழுதிய மட்டையை, வருகிறவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன். குரல் நடுங்குவதில்லை. குசினித் தட்டில் பொன்னம்மாவின் பெயர் வாசலைப் பார்த்திருக்கிறது. இந்த முறை எள்ளு வந்தது. என்ன போட்டு அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.