வாலக்கா

வலது கை ஆட்காட்டி விரலை அவர் மேலே தூக்கிவிட்டால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுவரை கேட்டதை அவர் தமிழில் சொல்லி முடித்து, விரலை மடக்கிய பிறகுதான் அடுத்த வாக்கியம். பெரிய சர்ஜன், சின்ன சர்ஜன் என்ற பாகுபாடெல்லாம் அந்த விரலுக்குக் கிடையாது.

இந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசுவது ஆங்கிலம். அது புரியாத தமிழ்க் குடும்பங்களுக்காக வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் இவர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. அடுத்த மாடியிலிருந்து யாரோ கூப்பிடுவதைப் போலத்தான் எப்போதும் நடப்பார். என் மனைவி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதில் நான் இங்கே பாதிக் குடித்தனம் நடத்தினேன், அதில் பழக்கம். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் வாலக்கா. சேட்டைக்காக வைத்த பெயர் அல்ல. டாக்டர் ஒரு வினைச்சொல்லை எடுத்ததுமே "என்னக்கா சொல்றாரு?" என்று நாம் பறந்தால், "இருங்க, வால் வரட்டும்" என்பார்.

வால் என்றால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற அப், அவுட், ஆஃப், த்ரூ வகையறா. ஒருநாள் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எனக்குப் பாடமே எடுத்தார். "கிவ்னா குடுக்கிறது. யாரு இல்லேன்னா? பின்னாடி ஒரு அப் வந்தா கைய விரிக்கிறது. இன் வந்தா அடங்கிப் போறது. அவுட் வந்தா, கிட்னி கிவ் அவுட்டுன்னா, அது வேலை செய்யாம நின்னுபோச்சு. பாஸ் அவுட்னா மயக்கம், தண்ணி தெளிக்கலாம். பாஸ் அவேன்னா ஆளே இல்ல. தேளுக்குக் கொடுக்குலதான் விஷம் சார்."

வெள்ளைக்காரனுக்கு ஏன் இந்த வம்பு என்று அலுத்துக்கொண்டேன். உடனே சீறினார். "நம்ம மட்டும் என்ன யோக்கியமா? பாருன்னா ஒண்ணு. பாத்துக்கன்னா பொறுப்பு. பாத்துடுவோம்னா அடிதடி. பொறந்ததுல இருந்து கேட்டதால நமக்கு உறைக்கல, அவ்வளவுதான்."

சாப்பிடும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருக்கும். ஒரு வினையை எடுத்து, அதற்கு ஒவ்வொரு வாலாக மாட்டிப் பார்ப்பார். கடைசியில் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாய். ஆறுதல் சொல்ல மாட்டார், தோளைத் தட்ட மாட்டார். "நான் வெறும் குழாய் சார். வர்ற தண்ணியில சர்க்கரையும் போட மாட்டேன், உப்பும் போட மாட்டேன்." இதில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமே உண்டு. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

ஒருநாள் காலை ஒரு பெயிண்டரைக் கொண்டுவந்தார்கள். கட்டடத்துக்கு வெளியே கட்டியிருந்த சாரம் சரிந்து அதன் இரும்புக் குழாய்கள் அவர் காலில் விழுந்திருந்தன. ஆளுக்கு நினைவில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே அவர் மனைவியும் தம்பியும். மனைவிதான் சம்மதம் சொல்ல வேண்டும். எனக்கு நேர் எதிர் நாற்காலியில் அந்தப் பெண் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சர்ஜன் வேகமாக வந்தார். "வீ கான்ட் ஹோல்ட் ஆஃப் எனி லாங்கர்" என்று ஆரம்பித்தார். விரல் எழுந்தது. வாலக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பிக்காரன் குறுக்கே வந்து, அவரை இரண்டடி தள்ளி ஓரமாகக் கூட்டிவந்துவிட்டான். நான் இருந்த பக்கம்தான். அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது.

"அக்கா, காலை எடுக்கப் போறாங்கன்னு நர்ஸுங்க பேசிக்கிட்டதைக் கேட்டேன். அண்ணிகிட்ட ஆபரேஷன்னு மட்டும் சொல்லுங்க. காலைப் பத்தி மூச்சு விடாதீங்க."

"அவங்களுக்குத் தெரியணும் தம்பி."

"தெரிஞ்சா ஒத்துக்கவே மாட்டாங்க. ஏணி ஏற முடியலேன்னா என்னை விட்டுடுங்கன்னு அண்ணன் எப்பவும் சொல்லுவான். அதையே பிடிச்சுக்குவாங்க. உசுரு போயிடும்க்கா! ஒரே ஒரு பொய். உங்க கால்ல விழறேன்."

சொன்னபடியே குனிந்துவிட்டான். நானாக இருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன், சத்தியமாக.

வாலக்கா பின்னால் நகர்ந்துகொண்டார். அவர் குரல் கீழே இறங்கியது. "எங்கப்பா விஷயத்துல, டாக்டர் சொன்னதை எங்களுக்குச் சொல்ல வந்த ஒருத்தர் இப்படித்தான் நல்ல மனசோட மழுப்பினாரு. தேறிடுவாருன்னு நம்பி நாங்க வீட்டுக்குப் போயிட்டோம். திரும்பி வர்றப்போ கட்டில் காலி." அவ்வளவுதான். நேராக அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னார். விரல் எழுந்தது, மடங்கியது, மறுபடி எழுந்தது.

"இனிமேலும் தள்ளிப்போட முடியாதுங்கறாரு. கால் நசுங்கிப்போனதால அதுல இருந்து ரத்தத்துல விஷம் ஏறுது. முழங்காலுக்கு மேல காலை எடுக்கணும். எடுக்கலேன்னா பிழைக்க மாட்டாரு. எடுத்தாலும் பிழைச்சு வருவாருன்னு உறுதி கொடுக்க முடியாதுங்கறாரு."

தம்பி சுவரில் ஓங்கி அறைந்தான். அந்தப் பெண் அழவில்லை. வாலக்காவையே பார்த்தாள். "ஏணி ஏற முடியலேன்னா என்னை விட்டுடுன்னு சொல்லியிருக்காருக்கா. நான் என்ன பண்ண? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

ஆபரேஷன் அறைக்கு உள்ளே ஏதோ ஒரு இயந்திரம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் அம்மா என்று என் மனம் அடித்துக்கொண்டது. சரி என்று தலையசைத்தால் போதும், அந்தப் பெண் ஒப்புக்கொண்டுவிடுவாள்.

வாலக்கா சர்ஜன் பக்கம் திரும்பினார். தன்னிடம் கேட்ட கேள்வியை, ஏணி உட்பட, ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டார்.

சர்ஜன் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். அந்தப் பெண்ணின் உயரத்துக்குக் குனிந்து மெதுவாகப் பேசினார். வாலக்கா கண்ணை மூடிக்கொண்டு கடைசி வார்த்தை வரை கேட்டார்.

"என் கூடப் பொறந்தவனா இருந்தா எடுக்கத்தான் சொல்லுவேங்கறாரு. கண் முழிச்சதும் உங்களைத் திட்டுவாராம். திட்டறதுக்கு ஆள் இருக்கட்டுமேங்கறாரு."

அந்தப் பெண் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் உதடு கோணியது. "எடுக்கச் சொல்லுங்க. அவர் திட்டினா நான் வாங்கிக்கிறேன்."

வாலக்கா அதையும் அப்படியே சொன்னார். முதல் தடவையாக அவர் ஆங்கிலம் நடுவில் ஒருமுறை தடுக்கியது. சர்ஜன் ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. தாவி வந்த தம்பி அண்ணியின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அவள் அவன் தலையில் கையை வைத்துக் குனிந்துகொண்டாள்.

வாலக்காவுக்கு வேறு வார்டிலிருந்து அழைப்பு வந்தது. போனின் வாயை அடைத்துவிட்டுப் புறப்பட்டார். அதற்குள் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். அவள் கையில், பெயிண்டரிடமிருந்து கழற்றிய சாமான்கள் போட்ட, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை. ஒரு பெல்ட், ஒரு பர்ஸ், நீலப் பெயிண்ட் தெறித்த ஷூ ஒரு ஜோடி. "இவருடைய மனைவி யார்?" என்று நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே நாற்காலியை நோக்கி நடந்தாள்.

வாலக்கா இரண்டே எட்டில் குறுக்கே போய்ப் பையை வாங்கினார். உள்ளே இருந்த ஷூ ஜோடியைப் பார்த்தார், நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் நிமிரவில்லை. பையைத் தன் கோட்டுக்குள் திணித்து, பட்டன் போட்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் இறுகக் கட்டிக்கொண்டு நின்றார்.