மக்லூஃபின் வாயில் வராத சொல்

"கடவுளே செஃப்ரூவுக்கு இறங்கி வந்து, என் கடை வாசல்ல நின்னு கெஞ்சினாலும் சரி... இல்ல, அந்தச் சொல்லைச் சொல்லிட்டேன், அழிச்சிடுங்க. கெஞ்சினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். 'சரி'ங்கற சொல்லை இந்த வாய் யாருக்கும் கொடுக்காது!"

சேணம் தைக்கும் மக்லூஃப் கடைவாசலில் நின்று இப்படிப் பிரகடனம் செய்தபோது செஃப்ரூ ஊரின் யூதர் தெருவில் யாரும் திடுக்கிடவில்லை. பிரெஞ்சுக்காரன் வருவதற்கு முந்தைய காலம். ஊரில் கேட்க வேறு சத்தமும் அதிகம் இல்லை. கடவுள் இறங்கி வந்தாலும் அவருக்கு முதலில் கவனிக்க வேறு வேலைகள் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறந்த எட்டாம் நாள் தனக்கு நடந்த சுன்னத்துக்குத் தன்னிடம் சம்மதம் கேட்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு எப்போதும் உண்டு. சீனாய் மலையடியில் கடவுள் கொடுத்த கட்டளைகளுக்கு முன்னோர்கள் "செய்வோம்" என்று ஒரே குரலாகச் சொன்னபோது, இனிப் பிறக்கப்போகிற ஆத்மாக்களும் அங்கே நின்றன என்பது நம்பிக்கை. "நானும்தான் நின்னேன். நான் மட்டும் வாயைத் திறக்கல" என்பார் மக்லூஃப்.

அதற்காக அவரைக் கட்டளை மீறுபவர் என்று நினைத்துவிடக் கூடாது. அறுநூற்றுச் சொச்சம் கட்டளைகளில் ஒரு சேணத்தொழிலாளியால் கடைப்பிடிக்கக்கூடிய அத்தனையையும் கடைப்பிடித்தார். "கடவுள் சொன்னதுக்காக இல்ல. நான் நினைச்சேன், செய்யறேன். அவரும் அதையே சொல்லியிருந்தா அது அவரோட அதிர்ஷ்டம்."

இந்த மகானுக்கு ஃப்ரீஹா என்று ஒரு மனைவி. கல்யாணமான புதிதில் அவள் சளைக்காமல் எதிர்வாதம் செய்தாள். அதுவே அவர்களுடைய பொற்காலம். குழம்பில் உப்புக் குறைவென்று அவள் சொன்னால் அதிகமென்று அவர் சொல்வார். விடியும்வரை உப்பு ஓடும். பிறகு ஒருநாள் அவள் களைத்துப்போய் வாதிடுவதை நிறுத்திவிட்டாள். மக்லூஃப் இதைப் பெரும் அவமானமாக எடுத்துக்கொண்டார். அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்; மாவு, எண்ணெய் கொடுப்பதையும் நிறுத்தினார். ஆண்டுகள் ஓடின. அண்ணி கண்ணால் அளந்து போடும் ரொட்டியைத் தின்றுகொண்டு, மனைவியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் ஃப்ரீஹா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: மணவிலக்குச் சீட்டு. அதைக் கணவன் தன் கையால் அவள் கையில் போட்டால்தான் அவளுக்கு விடுதலை. அதுவும் தன் சொந்த விருப்பத்தோடு போட வேண்டும்.

சொந்த விருப்பம்! மக்லூஃபிடம் போய் இதைக் கேட்டால் என்ன ஆகும்?

ஊர் நீதிமன்றத்தில் மதகுருக்களான மூன்று ரப்பிகள் உட்கார்ந்து, அவர் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மக்லூஃப் மகிழ்ச்சியோடு எழுந்தார்.

"ரப்பி அம்ராம், ஒரு சந்தேகம். நான் விரும்பித்தானே கொடுக்கணும்?"

"ஆமா."

"விரும்பலைன்னா?"

"விரும்பறேன்னு நீ சொல்ற வரைக்கும் வற்புறுத்துவோம்."

"வற்புறுத்தி வர்றது எப்படி விருப்பமாகும்? கழுதையை இழுத்துட்டுப் போய்த் தண்ணிகிட்ட விட்டுட்டு, அதுவா வந்துச்சும்பீங்களா?"

ரப்பி அம்ராம் தாடியைத் தடவிக்கொண்டார். "மக்லூஃப், உள்ளுக்குள்ள நீ கட்டளைப்படி நடக்கத்தான் ஆசைப்படற. ஒரு பிடிவாதக்காரன் வாசல்ல உக்காந்துக்கிட்டு உன்னை வெளிய விட மாட்டேங்கறான். நாங்க உன்னை வற்புறுத்தல. அவனைத்தான் எழுப்பி விடறோம்."

"வாசல்ல உக்காந்திருக்கறதுதான் ரப்பி நான்! உள்ள இருக்கறவன் எவன்னே எனக்குத் தெரியாது."

"பழகிப் பாரு" என்றார் ரப்பி. "நல்லவன்."

அந்த வாரமே ஜெபாலயத்தில் அறிவிப்பு வந்தது. அடி கிடையாது, உதை கிடையாது. மக்லூஃப் சீட்டுக் கொடுக்கும்வரை யாரும் அவரோடு பேசக் கூடாது, சலாம் சொல்லக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. அவ்வளவுதான்.

மக்லூஃப் சிரித்தார். அவரிடம் சேணம் வாங்குபவர்கள் மலையிலிருந்து கோவேறுகழுதைகளோடு வரும் முஸ்லிம்கள். பிழைப்புக்குப் பழுதில்லை. பேச்சு நின்றால் நிம்மதி.

நிம்மதி முதல் வெள்ளிக்கிழமையே குலைந்தது. சனிக்கிழமை ஓய்வுநாளான சபத்தில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், கோதுமையும் கடலையும் போட்ட தஃபீனாச் சட்டியை இரவெல்லாம் வேகவிடப் பொது அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். அடுப்புக்காரன் ஈசோ, இருபது வருடமாக அவரோடு சண்டை போட்டே சட்டி வாங்குபவன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"ஏன்டா ஈசோ, போன வாரம் என் கோதுமையைக் கருக்கினியே?"

ஈசோ சுவரோரம் கிடந்த விறகை அடுக்கத் தொடங்கினான்.

"கருக்கல. பச்சையா விட்டே. திருடா!"

ஈசோவின் காது மடல் சிவந்தது. உதடு துடித்தது. ஆனாலும் கட்டளை கட்டளை. பாவம், அவன்பட்ட அவஸ்தையை எந்தத் தியாகியும் பட்டிருக்க மாட்டான். மக்லூஃப் சட்டியோடு வீடு திரும்பி, மறுநாள் முழுக்க ஆறிப்போன கொண்டைக்கடலையைத் தின்றார்.

அடுத்த வாரம் ஜெபாலய முற்றத்தில் நின்று வேதத்துச் சங்கீதப் பாடல் வரி ஒன்றை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். திருத்த ஆளில்லை. மோசே செங்கடலைத் தாண்டவே இல்லை, சுற்றிக்கொண்டு போனார் என்றார். கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தும்முவதுபோல் ஏதோ செய்தார், மக்லூஃப் நம்பிக்கையோடு திரும்பினார், அது தும்மல்தான்.

மலைக்காரர்களிடம் வாதிட்டுப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

"இந்தச் சேணம் உன் கழுதைக்குப் பத்தாது" என்றார் ஒருவனிடம்.

"நீங்க சொன்னா அப்படித்தான் முதலாளி."

"நல்லாப் பத்தும்!"

"அதுவும் அல்லாஹ் விட்ட வழி."

மக்லூஃப் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். முடியாது என்று சொல்லவும் எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. யாரும் தள்ளாத கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? அன்றிரவு உப்பில்லாத குழம்பைத் தின்றுகொண்டே, "உப்பு அதிகம்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். வீடு பேசாமல் இருந்தது. ஃப்ரீஹா அத்தனை வருடம் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளோ என்று ஓர் எண்ணம் வந்தது. அதை மறுத்துப் பார்த்தார். மறுப்பு நிற்கவில்லை.

குளிர் தொடங்கிய ஒரு காலையில் நீதிமன்றப் படியேறினார்.

"யாரும் கூப்பிடல. நானா வந்தேன்" என்றார்.

"அதைத்தானே நாங்களும் சொன்னோம்" என்றார் ரப்பி அம்ராம். ஒரு மனிதக் குரல் தன்னை நோக்கி வந்ததில் மக்லூஃபுக்குக் கண் கலங்கியது. தூசி என்றார்.

ஃப்ரீஹாவுக்கு ஆள் போனது. எழுத்தர் இறகைச் சீவி எழுத உட்கார்ந்தார். சாட்சிகள் இருவர் வந்தார்கள். ரப்பி முறைப்படி கேட்டார்: "இதுக்கு முன்னால நீ சொன்ன மறுப்பையெல்லாம் ரத்து பண்றியா?"

"எல்லாத்தையுமா? எதெதுன்னு சொல்லுங்க."

மூன்று ரப்பிகளும் பெருமூச்சு விட்டு, நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னார்கள். மக்லூஃப் விட்டுப்போனவற்றை எடுத்துக் கொடுத்தார். பல வாரங்களுக்குப் பிறகு வயிறார உண்டவர்போல அவர் முகம் தெளிந்தது.

"உன்னை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லை!" என்றார் கணீரென்று. சட்டமே அவருக்காக ஓர் 'இல்லை'யை எடுத்து வைத்திருந்தது.

"உன் சொந்த விருப்பத்தோட கொடுக்கறியா?"

எழுத்தரின் இறகு அந்தரத்தில் நின்றது.

"விரும்பறேன்" என்றார் மக்லூஃப். எழுதி முடித்து, படித்துச் சரிபார்த்த பிறகு, குவிந்திருந்த ஃப்ரீஹாவின் கைகளில் சீட்டைப் போட்டார். அவள் அதைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, வழக்கப்படி நாலடி நடந்தாள். அப்புறம் நின்று ஒரு மூச்சு விட்டாள், எத்தனையோ வருடத்து மூச்சு. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த ஈசோவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"கருக்கலய்யா! உன் கோதுமையை நான் என்னைக்குமே கருக்கினதில்ல!"

"கருக்கின!" என்று ஆனந்தமாகக் கத்தினார் மக்லூஃப். பிறகு ரப்பியின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "கவனிச்சீங்களா? 'விரும்பறேன்'னுதான் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்லல. என் வாக்கு அப்படியே நிக்குது!"

ரப்பி மறுக்கவில்லை.

படியிறங்கும்போது வாசலில் ஃப்ரீஹா நின்றிருந்தாள். இப்போது அவள் அவருக்கு யாரும் இல்லை. எதுவும் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை.

"மக்லூஃப், குளிர் வந்துடுச்சு. கம்பளி அங்கியை எடுத்துப் போட்டுக்க. உனக்கு நெஞ்சுல சளி கட்டும்."

கட்டாது என்று சொல்ல வாயைத் திறந்தார். சுற்றிலும் யாரும் இல்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

"சரி" என்றார்.