பூவரசன் வேஷம்

திருமழபாடி கோயில் வாசலில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் பூவரசனுக்கு மதியத் தூக்கத்தில் அடிக்கடி ஒரே கனவு வரும். கொள்ளிடம் மெதுவாகக் கரையேறி, தெருவோடு நடந்து, கடைக்குள் நுழையும். அவனை எழுப்பாமல் அப்படியே தூக்கிக்கொள்ளும். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இரண்டு கால்களும் தண்ணீருக்குள் ஆம்பல் தண்டு மாதிரி அசையும். தேங்காய்களெல்லாம் பின்னாலேயே மிதந்து வரும். கோபுரம் தலைகீழாக நின்று நடுங்கும். யாராவது வந்து, "ஜோடி தேங்கா என்ன விலைங்க?" என்று கேட்டால்தான் தண்ணீர் வடியும்.

கால்கள் அப்படி என்றால், கைகள் உலக்கை. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் அவன் போகாத கல்யாணம் இல்லை, துக்கம் இல்லை. கீழப்பழுவூர் வரைக்கும் சுற்றிச் சுற்றிப் போய்ப் பேசித்தான் பானுப்ரியாவைக் கட்டினான் என்று ஒரு பேச்சு உண்டு. "பேச்செல்லாம் ஒண்ணுமில்ல, தேங்கா குடுத்து மயக்கிட்டாரு" என்பாள் அவள். இரண்டும் பொய் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

ஆனால் நிஜ வெள்ளம் கனவு மாதிரி வரவில்லை. போன தடவை தண்ணீர் வந்தபோது அவனை நெல் மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் மாடிக்கு ஏற்றி ஒரு மூலையில் இறக்கினார்கள். வண்டி கடையோடு நின்றுபோனது. கக்கூசுக்குப் போவதென்றால்கூட யாரையாவது கூப்பிட வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டான். ஊரெல்லாம் தண்ணீர், இவனுக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. காப்பாற்றியவர்களைக் குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்? அடுத்த தடவை தன்னைத் தூக்கினால் வண்டியையும் தூக்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவனுக்கு.

இந்த வருஷம் மேட்டூர் நிரம்பிக்கொண்டு வந்ததும், வருவாய்த்துறை ஆர்.ஐ. லீலாவதி ஊரில் வெள்ள ஒத்திகை வைத்தார். யார் யாரை எப்படித் தூக்குவது என்று பழகிப் பார்ப்பதற்கு. நடக்க முடியாதவராக நடிக்க ஒரு ஆள் வேண்டுமாம். பிச்சைமுத்துவைப் பிடித்துப் போட்டார்கள். அவன் ரெட்டிபாளையத்தில் சிமெண்டு மூட்டை சுமக்கிறவன். கால் ஒவ்வொன்றும் தேர்க்கால் மாதிரி இருக்கும்.

பூவரசன் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனான். "அண்ணே, ஓரமா நில்லுங்க, ஒத்திகைக்கு எடஞ்சலா இருக்கு" என்றது ஒரு குரல். ஓரமாக நின்றான்.

"டேய் மாப்ள, யாரு வேஷம்டா கட்டியிருக்க?"

"உன் வேஷந்தான். நல்லாருக்கா?" பிச்சைமுத்து காலை மடக்கிக் காட்டினான்.

"என் காலு அப்படி மடங்காதுடா. பாத்து கத்துக்க."

விசில் ஊதினார்கள். பிச்சைமுத்துவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மாடியில் வைத்தார்கள். கைதட்டினார்கள். எல்லாரும் கீழே சாம்பார் சாதத்துக்கு வந்தால், வரிசையில் முதல் ஆளாக நிற்கிறான் பிச்சைமுத்து!

ஊரே சிரித்தது. பூவரசனும் சிரித்தான். சிரித்துவிட்டுக் கேட்டான். "மாடிலேர்ந்து எப்படிடா வந்த?"

"வாசன வந்துச்சு, எறங்கி வந்துட்டேன்."

"நான் இருந்தா?"

பிச்சைமுத்துவின் தட்டு பாதி நீட்டியபடி நின்றது. லீலாவதி மாடியையும் பூவரசனின் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், என் வேஷத்த நானே கட்டிக்கிறேன். இன்னொரு தடவ நடத்துங்க" என்றான் பூவரசன்.

"சொல்லுங்க, எப்படித் தூக்கணும்?"

"மொதல்ல வண்டி போவணும். அப்பறந்தான் நான். மாடியும் வேணாம், கக்கூஸ் பக்கத்து ரூம்பு போதும்."

இரண்டாவது ஒத்திகையில் கக்கூஸ் படியில் சக்கரம் முட்டிக்கொண்டது. லீலாவதி சொல்லி, மறுநாளே பிச்சைமுத்து சிமெண்டு குழைத்து அங்கே சரிவு போட்டான். வண்டியைக் கொண்டு சேர்ப்பதும் அவன் பொறுப்பு என்று முடிவானது.

ஆடிக் காற்று அடங்கிய ஒரு காலையில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. மைக் வைத்த ஆட்டோ கத்திக்கொண்டே போனது. பிச்சைமுத்து சேற்றில் ஓடிவந்து, பூவரசன் முகத்தைக்கூடப் பார்க்காமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

"என்னங்க இது, ஆள வுட்டுட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறாரு?" பானுப்ரியா பதறினாள்.

"நாந்தான் சொன்னேன்" என்றான். சொல்லிவிட்டுத் தெருமுனை வரைக்கும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி போய்ச் சேருமா, வழியில் எங்காவது சாய்த்துப் போட்டுவிடுவானா?

பூவரசன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் படியேறிப் பாதத்தைத் தொட்டது. பிறகு தூக்கியது. இரண்டு கால்களும் தாமாக ஆடின. வேப்பிலைக் குப்பை அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது. எங்கோ ஒரு தேங்காய் மிதந்தது.

"ஏங்க, காலு ஆடுது!"

"கொள்ளிடம் ஆட்டுது. இருக்கட்டும், கொஞ்ச நேரம் ஆடட்டும்."

பரிசல் வந்தது. பேசி வைத்தபடியே இடுப்பிலும் முழங்காலிலும் கை கொடுத்துத் தூக்கினார்கள். நீர்மேல் போகும்போது கோபுரம் கீழே நடுங்கிக்கொண்டே கூட வந்தது. கனவா, விழிப்பா என்று அவனுக்கே பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்து வாசல் தெரிந்தபோதுதான் விழிப்பு என்று பட்டது. அங்கே அவன் வண்டி நின்றிருந்தது. அதில் பிச்சைமுத்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். காலை மட்டும் சரியாக, பூவரசன் கால் கிடக்கிற மாதிரியே போட்டிருந்தான்.

"எறங்குடா. வேஷம் கலைஞ்சிருச்சு."

பூவரசன் ஏறி உட்கார்ந்து, ஒரு தடவை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்தான். கக்கூஸ் சரிவு வரைக்கும் போய்வந்தான். பிறகு பானுப்ரியாவைக் கூப்பிட்டான்.

"இந்தா புள்ள, ஒரு சொம்பு தண்ணி குடு."

மடமடவென்று குடித்துவிட்டு, சொம்பை மறுபடியும் நீட்டினான்.